நண்டுக் கொடுக்குக்குள் ஒரு செந்நிற மருந்து

வாசகர் கேள்விகள், அறிவியல் பதில்கள்

சென்ற இதழில் காசநோய் மருந்துகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, ரிஃபாம்பிசின் என்னும் மருந்து ‘பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியை அடைத்துவிடுகிறது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ.வை எழுதும் நொதி அது. எது எதை எங்கே அடைக்கிறது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. கேட்பது நியாயமே. அந்த அடைப்பு எப்படி நிகழ்கிறது என்பது 2001இல்தான் அணுக்களின் அளவில் தெளிவானது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த நொதியின் படிக அமைப்புக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*கேள்வி: பாடநூல்களில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை டி.என்.ஏ. இழையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு முட்டையைப் போல வரைந்திருக்கிறார்கள். வகுப்பில் மாணவர்கள் ‘உண்மையில் அது எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?*
– உயிரியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: நண்டின் கொடுக்கைப் போல இருக்கும் என்று சொல்லுங்கள். இந்த ஒப்புமை நான் சொல்வதன்று. அந்த நொதியின் படிக அமைப்பை முதன்முதலில் கண்டவர்களே அப்படித்தான் விவரித்தார்கள். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சேத் டார்ஸ்ட் தலைமையிலான குழு, தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அமைப்பை 1999இல் 3.3 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது. ஒரு சென்டிமீட்டரில் 10 கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும். இந்த நொதியின் நீளம், கொடுக்கின் நுனியிலிருந்து பின்முனை வரை, சுமார் 150 ஆங்ஸ்ட்ராம். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் அறுபத்தாறாயிரம் நொதிகளை வரிசையாக நிறுத்தலாம்.

மாணவர்கள் அளவை விட்டுவிட்டு அமைப்பைக் கவனிப்பது நல்லது. இந்த நொதியின் மையப் பகுதி ஐந்து புரதத் துணை அலகுகளால் ஆனது: இரண்டு ஆல்ஃபா, ஒரு பீட்டா, ஒரு பீட்டா பிரைம், ஒரு ஒமேகா. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இதில் இருக்கின்றன. கொடுக்கின் ஒரு விரல் பெரும்பாலும் பீட்டா. மற்றொரு விரல் பீட்டா பிரைம். கொடுக்கின் பின்புறத்தில் இரண்டு ஆல்ஃபாக்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இரு விரல்களையும் சேர்த்துப் பிடிக்கும் அடித்தளமாக நிற்கின்றன. இரு விரல்களுக்கும் நடுவே ஏறத்தாழ 27 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள ஒரு வாய்க்கால் ஓடுகிறது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளின் விட்டம் சுமார் 20 ஆங்ஸ்ட்ராம். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிப் போட்டாலே, அந்த வாய்க்கால் எதற்காக இருக்கிறது என்பதை மாணவர்கள் தாமாகவே சொல்லிவிடுவார்கள்.

வாய்க்காலின் உட்சுவரில், மிக ஆழத்தில், ஒரே ஒரு மெக்னீசிய அயனி அமர்ந்திருக்கிறது. பீட்டா பிரைம் புரதத்தின் மூன்று ஆஸ்பார்ட்டிக் அமிலங்கள் மூன்று விரல்களால் ஒரு குன்றிமணியைப் பிடித்திருப்பது போல அதைப் பிடித்திருக்கின்றன. நொதியின் வேலையிடம் அதுதான். புதிதாக உருவாகும் ஆர்.என்.ஏ. சங்கிலியில் ஒவ்வொரு நியூக்ளியோடைடும், அதாவது ஒவ்வோர் எழுத்தும், அந்த இடத்தில்தான் கோக்கப்படுகிறது. அந்த மூன்று ஆஸ்பார்ட்டிக் அமிலங்களும் இடம்பெறும் சிறு வரிசை, இதுவரை ஆராயப்பட்ட பாக்டீரியாக்களிலும், ஈஸ்ட்டிலும், நம் உடலின் செல்களிலும் ஒன்றாகவே இருக்கிறது. கோடானுகோடி ஆண்டுகளாக எதுவும் அதை மாற்றத் துணியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இந்தப் பெரிய வாய்க்காலைத் தவிர, வேலையிடத்துக்குச் செல்லும் ஒரு சிறு துவாரமும், அங்கிருந்து வெளியேறும் மற்றொரு வழியும் உண்டு. சிறு துவாரம் வழியாக நியூக்ளியோடைடுகள் உள்ளே வருகின்றன. இரட்டைச் சுருள் உள்ளே பத்துப் பதினான்கு எழுத்துகள் அளவுக்குப் பிரிந்து நிற்க, அதில் ஒரு இழையைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது. எட்டு ஒன்பது எழுத்துகள் வரை அந்த இழையோடு ஒட்டியிருந்து, பிறகு உரிந்து, மற்றொரு வழியாக வெளியேறுகிறது. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில் இந்த எழுத்து வேலை நொடிக்கு 40, 50 நியூக்ளியோடைடு என்ற வேகத்தில் நடக்கிறது.

இந்த எழுத்து வேலைக்கு வழங்கும் ‘படியெடுத்தல்’ என்ற கலைச்சொல்லையும் இங்கே ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும். செல்லரிக்கும் ஓலைச் சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதுவதற்கு நம் முன்னோர் பயன்படுத்திய அதே சொல் இது. மூல ஏடு இருந்த இடத்தில் இருக்கிறது. வேண்டிய பகுதி மட்டும் பிரதியாகிறது. பாக்டீரியாவின் டி.என்.ஏ.விலும் அதுவேதான் நடக்கிறது. எந்த இடத்திலிருந்து படியெடுக்க வேண்டும் என்பதைக் காட்டுவது, 1969இல் அறியப்பட்ட சிக்மா என்னும் தனிப் புரதம். அது மையப் பகுதியோடு சேர்ந்துகொண்டு, மரபணு தொடங்கும் இடத்துக்கு ஏறக்குறைய 10 எழுத்துகளுக்கும் 35 எழுத்துகளுக்கும் முன்னால் உள்ள இரண்டு அடையாளங்களைத் தேடிப் பிடிக்கிறது. சிக்மா சேர்ந்த முழு நொதியின் படிக அமைப்பை 2002இல் டார்ஸ்ட் குழுவும் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனக் குழுவும் தனித்தனியே வெளியிட்டன.

*கேள்வி: இவ்வளவு சிறிய பொருளை எந்த ஒளி நுண்ணோக்கியாலும் பார்க்க முடியாது என்கிறார்கள். பிறகு எப்படி அதன் படத்தை வரைகிறார்கள்? இது ஊகமா, அளவீடா?*
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: அளவீடுதான். ஆனால் அளந்த எண்களிலிருந்து படத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டுவதில்தான் இத்துறையின் உழைப்பில் பெரும்பகுதி செலவாகிறது.

கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம் வரை. இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவோ ஒன்றரை ஆங்ஸ்ட்ராம்தான். அவ்வளவு நீண்ட அலையால் அவ்வளவு சிறிய இடைவெளியை உணர முடியாது. எக்ஸ் கதிரின் அலைநீளம் ஏறக்குறைய ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பதால் அது பொருத்தமானது. ஆனால் ஒரு தனி மூலக்கூறின் மேல் எக்ஸ் கதிர் விழுந்தால் சிதறி வரும் கதிர் அளக்க முடியாத அளவுக்கு மெலிதாக இருக்கும். கோவிலில் ஒருவர் மட்டும் கைதட்டினால் தெருமுனையில் கேட்காது. ஆயிரம் பேர் ஒரே தாளத்தில் தட்டினால் கேட்கும். படிகம் என்பது அந்த ஆயிரம் பேர். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசையைப் பார்த்தபடி, ஒரே இடைவெளியில், வரிசை குலையாமல் அடுக்கப்பட்டிருப்பதால் அவை எல்லாம் சேர்ந்து சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் வலுவான கதிர்களை அனுப்புகின்றன. உணர்கருவியில் அவை புள்ளிகளாக விழுகின்றன. மார்கழியில் வாசலில் வைத்த புள்ளிகளைப் போல ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியும் வேறு வேறு.

படிகத்தை வளர்ப்பதே ஒரு தவம். ஆய்வகத்தில் அது நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். தூய்மைப்படுத்திய புரதக் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர், உப்பும் பிறவும் கலந்த கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர். இரண்டையும் ஒரு மெல்லிய கண்ணாடி வில்லையில் ஒரே துளியாகச் சேர்த்து, வில்லையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதே உப்புக் கரைசல் நிறைந்த சிறு கிண்ணத்தின் வாயில் மூடிவிடுவார்கள். துளி கீழே விழாமல் தொங்கும். துளியிலிருந்து நீராவி மெல்ல மெல்லக் கிண்ணத்துக்குள் இறங்க, துளி சுண்டச் சுண்டப் புரதத்துக்கு இடம் நெருக்கடியாகும். அவசரமாகச் சுண்டினால் தயிர் திரிந்தது போலத் திப்பிதிப்பியாகிவிடும். பதம் சரியாக அமைந்தால், சில நாட்களிலோ சில வாரங்களிலோ, நுண்ணோக்கியின் கீழ் கூரிய விளிம்புகளோடு ஒரு படிகம் மின்னும். கல்கண்டைப் போல உறுதியானது என்று எண்ணிவிட வேண்டாம். புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். ஊசி பட்டால் நுங்கு போல நசுங்கும். அதை ஒரு நுண்ணிய நைலான் வளையத்தால் அள்ளி, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, சின்க்ரோட்ரான் என்னும் பெரிய எக்ஸ் கதிர் மூலத்தின் முன் நிறுத்துவார்கள்.

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வருவோம். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வலுவானது என்பதைக் கருவி பதிவு செய்யும். அந்த அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பதைப் பதிவு செய்யாது. தவில் வாசிப்பில் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு உரக்க ஒலித்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, அது தாளத்தின் எந்த இடத்தில் விழுந்தது என்பதை எழுதாமல் விட்டால், அந்தக் குறிப்பைக் கொண்டு யாராலும் திரும்ப வாசிக்க முடியாது. இதைக் ‘கட்டச் சிக்கல்’ என்று சொல்லலாம். இதற்கு மாக்ஸ் பெரூட்ஸ் 1950களில் ஹீமோகுளோபினில் காட்டிய வழி, படிகத்துக்குள் பாதரசம் போன்ற கனமான அணுக்களை ஊறச் செய்து, புள்ளிகளின் வலிமை எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டு, தொலைந்த கட்டங்களைக் கணக்கிடுவது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு ஒற்றை அணுவின் கனம் போதாது. டான்டலம் போன்ற உலோக அணுக்கள் பல சேர்ந்த கொத்துகளைப் பயன்படுத்துவதும் உண்டு.

கட்டங்கள் கிடைத்த பின் கணிப்பொறி தருவது எலக்ட்ரான்களின் அடர்த்தி வரைபடம். அதற்குள் அமினோ அமிலச் சங்கிலியைப் பொருத்த வேண்டும். பொருத்தியது சரிதானா என்று சோதிக்க உலகமெங்கும் இன்றுவரை பயன்படுத்தும் முதல் சோதனைகளில் ஒன்று, சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட கட்டுரையில், புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை ஒரே வரைபடமாக வரைந்து காட்டினார்கள். ஒரு புதிய புரத அமைப்பை வெளியிடுகிறவர்கள், தம் அமினோ அமிலங்களில் எத்தனை விழுக்காடு ‘ராமச்சந்திரன் வரைபடத்தின்’ அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் விழுகின்றன என்று சொல்லியாக வேண்டும். தமிழில் அறிவியல் எழுதுகிற எனக்கு, இதை எழுதும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. 3.3 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கம் என்றால் தனித்தனி அணுக்கள் பிரிந்து தெரிகின்றன என்று பொருளன்று. சங்கிலி செல்லும் பாதையும் பெரிய பக்கக் கிளைகளும் தெரியும். மற்றவற்றை ஏற்கெனவே அறிந்த வேதியியலின் துணையோடு பொருத்துகிறார்கள். அளவீடுதான் என்றாலும், அதன் எல்லை தெரிந்த அளவீடு.

*கேள்வி: நோய்க்கிருமியை விட்டுவிட்டு, யாருக்கும் தீங்கு செய்யாத வெந்நீர் ஊற்று பாக்டீரியாவை ஏன் ஆராய வேண்டும்?*
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மயிலாடுதுறை

பதில்: படிகம் அதில்தான் வாய்த்தது என்பதே நேரடியான பதில். தெர்மஸ் அக்வாட்டிகஸை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் கண்டு, தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் 1969இல் விவரித்தார்கள். 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செழித்து வளரும் உயிர் அது. அந்தச் சூட்டில் குலைந்துவிடாமல் இருக்க வேண்டியதால் அதன் புரதங்கள் இறுக்கமானவை. அறை வெப்பநிலையில் அவை மேலும் அசையாமல் நிற்கும். அசையாத பொருள்தான் ஒழுங்கான அடுக்காக அமையும். அதே நொதியை ஈ. கோலையிலிருந்து எடுத்துப் படிகமாக்கி அதன் முழு அமைப்பை அறிய 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே வேறுபாடு விளங்கும்.

ஜப்பானின் இசு தீபகற்பத்து வெந்நீர் ஊற்றில் கிடைத்த தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்னும் உறவினரும் இப்படியே உதவியது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமான, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பும் அந்த பாக்டீரியாவிலிருந்து எடுத்த படிகங்களில் கண்டதுதான். மருந்து ஒட்டும் பகுதியில் பாக்டீரியாக்களின் அமினோ அமில வரிசைகள் பெரிதும் ஒத்திருப்பதால், வெந்நீர் ஊற்றில் கற்றது காசநோய்க் கிருமிக்கும் பொருந்தியது. 2017இல் காசநோய்க் கிருமியின் நொதியையே ரிஃபாம்பிசினோடு சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தபோது, மருந்து அதே இடத்தில்தான் இருந்தது.

கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய பி.சி.ஆர். சோதனையில் பயன்படும் ‘டாக் பாலிமரேஸ்’ இதே உயிரிடமிருந்து வந்ததுதான். ஆனால் அது டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கும் வேறொரு நொதி. இந்தப் பக்கங்களில் பேசும் நொதியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

*கேள்வி: என் கணவர் காசநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து முதலில் பயந்துவிட்டோம். மருந்தின் நிறம்தான் என்று செவிலியர் சொன்னார். அந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது? கிருமியைக் கொல்லும் மருந்து நம் உடலைக் கொல்லாதா?*
– இல்லத்தரசி, தூத்துக்குடி

பதில்: செவிலியர் சொன்னது சரி. ரிஃபாம்பிசின் இயல்பிலேயே செங்கல் நிறம் கொண்டது. சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றில் அந்த நிறம் இறங்குவது எதிர்பார்க்கப்படுவதே. கண் மஞ்சளானால், பசி அறவே நின்றால், வாந்தி தொடர்ந்தால் அது வேறு. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த மருந்தின் கதை மண்ணிலிருந்து தொடங்குகிறது. 1957இல் பிரான்சின் தென்கடற்கரையில் ஒரு பைன் காட்டின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிர், மிலான் நகரத்தின் லெப்பெட்டிட் ஆய்வகத்தில் ரிஃபாமைசின் என்ற பொருளைத் தந்தது. அதை வேதியியல் முறையில் திருத்தி, வாய்வழி எடுத்துக்கொள்ளக்கூடிய ரிஃபாம்பிசினை 1960களின் நடுவில் உருவாக்கினார்கள். அதற்கு முன் காசநோய்க்கு ஒன்றரை ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல், சிகிச்சை தேவைப்பட்டது. ரிஃபாம்பிசினும் பைராசினமைடு என்னும் மற்றொரு மருந்தும் சேர்ந்த பிறகே அது ஆறு மாதமாகக் குறைந்தது. சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் ஆய்வுகளில் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆய்வு மையத்துக்கும் பங்கு உண்டு. 1956இல் தொடங்கிய அந்த மையம்தான், காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு முதலில் நிரூபித்துக் காட்டியது. உங்கள் கணவர் இன்று வீட்டில் இருந்தபடியே மாத்திரை எடுத்துக்கொள்வது அந்த ஆய்வின் பயன்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நண்டுக் கொடுக்கின் நடுவில் ஒரு வாய்க்கால், அதன் ஆழத்தில் ஒரு மெக்னீசியம் என்று முதல் பதிலில் சொன்னேன். பாலிமரேஸைத் தடுக்கும் மருந்து அந்த மெக்னீசியத்தின் மேலேயே போய் உட்காரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டார்ஸ்ட் குழுவைச் சேர்ந்த எலிசபெத் கேம்பெல்லும் உடனிருந்தவர்களும் 2001இல் நொதியையும் மருந்தையும் சேர்த்துப் படிகத்தில் பார்த்தபோது, ரிஃபாம்பிசின் அங்கே இல்லை. மெக்னீசியத்திலிருந்து 12 ஆங்ஸ்ட்ராமுக்கும் அதிகமான தொலைவில், பீட்டா புரதத்தின் சுவரில் உள்ள ஒரு குழிக்குள் அது பதிந்திருந்தது. நொதியின் வேலையிடத்தை அது தொடவே இல்லை.

தொடாமலேயே எப்படித் தடுக்கிறது? புதிதாக எழுதப்படும் ஆர்.என்.ஏ. வெளியே போகும் பாதையை அது மறித்துக்கொண்டிருக்கிறது. முதல் நியூக்ளியோடைடும் இரண்டாவதும் இணைகின்றன; சங்கிலி இரண்டு மூன்று எழுத்து நீளத்தை எட்டியதும் அதன் முனை மருந்தின் மேல் முட்டி நிற்கிறது. மேற்கொண்டு வளர இடமில்லை. அந்தத் துண்டு உதிர்ந்துவிடுகிறது. நொதி மறுபடி தொடங்குகிறது, மறுபடி முட்டுகிறது. தறியில் முதல் இரண்டு இழை ஓடியதும் பாவு சிக்கிக்கொண்டால் துணி நெய்ய முடியாதல்லவா, அது போன்ற நிலை. ஆர்.என்.ஏ. இல்லையேல் புரதம் இல்லை. புரதம் இல்லையேல் கிருமி பிழைக்காது.

இந்தப் படம் ஒரு பழைய புதிரையும் அவிழ்த்தது. படியெடுத்தல் தொடங்கி, ஆர்.என்.ஏ. ஓரளவு நீண்டுவிட்ட பிறகு ரிஃபாம்பிசினைச் சேர்த்தால் நொதி நிற்பதில்லை என்பதைச் சோதனைச் சாலைகளில் வெகுகாலமாகக் கண்டிருந்தார்கள், காரணம் விளங்கவில்லை. குழி இருக்கும் இடம் தெரிந்ததும் காரணமும் தெரிந்தது. ஆர்.என்.ஏ. ஏற்கெனவே அந்தப் பாதையை நிரப்பியிருந்தால் மருந்துக்கு அங்கே நுழைய இடமில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் அந்தக் குழியில்தான் இருக்கிறது. மெக்னீசியம் இருக்கும் இடம் எல்லா உயிர்களிலும் ஒன்று என்று சொன்னேன். மருந்து அங்கே ஒட்டியிருந்தால் நம் செல்களின் பாலிமரேஸும் நின்றுபோயிருக்கும். அந்தச் சுவரின் குழியோ பாக்டீரியாக்களில் ஒரு மாதிரியும் நம் செல்களில் வேறு மாதிரியும் அமைந்திருக்கிறது. ஆகவே சிகிச்சைக்குத் தரும் அளவில் மருந்து கிருமியின் நொதியை இறுகப் பற்றுகிறது. நம் நொதியை விட்டுவிடுகிறது. கல்லீரலில் அதற்கு வேறு விளைவுகள் உண்டு என்பதால்தான் இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

*கேள்வி: என் தம்பிக்குச் சளிப் பரிசோதனையில் ‘ரிஃபாம்பிசின் எதிர்ப்பு’ என்று வந்திருக்கிறது. அவன் இதற்கு முன் காசநோய் மாத்திரை சாப்பிட்டதே இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்குத்தான் இப்படி வரும் என்று உறவினர்கள் பழி சொல்கிறார்கள். இரண்டே மணி நேரத்தில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?*
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: உங்கள் தம்பியின் மேல் எந்தப் பழியும் இல்லை. எதிர்ப்புப் பெற்ற கிருமி, மற்ற காசநோய்க் கிருமியைப் போலவே காற்றின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். முன்பு மருந்தே சாப்பிடாதவருக்கு முதல் முறையே எதிர்ப்புக் கிருமி தொற்றலாம். இதை உறவினர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எதிர்ப்பு முதலில் எப்படிப் பிறக்கிறது என்பதையும் அந்தக் குழியே சொல்கிறது. ரிஃபாம்பிசினைச் சுற்றி நெருக்கமாக நிற்பவை ஒரு டஜன் அளவிலான அமினோ அமிலங்கள். இவற்றில் ஒன்று மாறினாலும் மருந்தின் பிடி தளரும். காசநோய்க் கிருமியில் மிக அதிகமாகக் காணப்படுவது, பீட்டா புரதத்தின் 450ஆம் இடத்தில் செரீன் இருக்க வேண்டிய இடத்தில் லூசின் வந்து உட்காரும் சடுதி மாற்றம். பழைய ஈ. கோலை எண்ணிக்கைப்படி இதே இடத்தை 531 என்று குறிப்பதால், ஆய்வக அறிக்கைகளில் இரண்டு எண்களையும் பார்க்கலாம். செரீன் சிறியது, ஹைட்ரஜன் பிணைப்பால் மருந்தைப் பற்றிக்கொள்ளும். லூசின் பருமனானது, பற்றவும் செய்யாது, இடத்தையும் அடைத்துக்கொள்ளும். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், இது நிகழ்ந்துவிடும்.

இங்கேதான் அந்த 12 ஆங்ஸ்ட்ராம் தொலைவு நமக்கு எதிராகத் திரும்புகிறது. மருந்து மெக்னீசியத்தைப் பற்றியிருந்தால், அங்கே ஏற்படும் எந்த மாற்றமும் கிருமியின் நொதியையே பயனற்றதாக்கிவிடும். மருந்திலிருந்து தப்பிய கிருமி தன் கையாலேயே சாகும். குழியோ வேலையிடத்திலிருந்து விலகி இருக்கிறது. அங்கே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் நொதி பெரும்பாலும் வழக்கம்போல ஓடுகிறது. நம் உடலைக் காப்பாற்றுகிற அதே இடவமைப்பு, கிருமிக்கும் தப்பிக்க ஒரு சந்து விடுகிறது.

நுரையீரலில் உண்டாகும் ஒரு குழிப்புண்ணில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கக்கூடும். ரிஃபாம்பிசினுக்கு எதிரான சடுதி மாற்றம் தானாகவே தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒன்று. ஐசோனியசிட் மருந்துக்கு எதிரானது பத்து லட்சத்தில் ஒன்று. அப்படியானால் ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், தப்பிப் பிழைக்கும் கிருமி அங்கே முன்கூட்டியே இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் ஒரே கிருமி தப்ப வேண்டுமானால் இந்த இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். நூறு லட்சம் கோடியில் ஒன்று என்று வரும். ஒரு கைப்பிடி மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது இந்தக் கணக்கினால்தான்.

பரிசோதனை விரைவாக முடிந்ததற்கும் இதே காரணம். எதிர்ப்புப் பெற்ற கிருமிகளில் 95 விழுக்காட்டுக்கு மேல், மாற்றம் பீட்டா புரதத்துக்கான மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரே பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. 81 எழுத்து என்றால் 27 அமினோ அமிலங்கள். அவற்றில் பலவும் அந்தக் குழியின் சுவராக நிற்பவை. அரசு மருத்துவமனைகளில் ‘சி.பி.நாட்’ என்று சொல்லும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி, சளியில் உள்ள கிருமியின் டி.என்.ஏ.விலிருந்து அந்தப் பகுதியை மட்டும் பெருக்கி, எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதைப் பரிந்துரைத்தது. அதற்கு முன் கிருமியை வளர்த்து, மருந்து கலந்து, வாரக் கணக்கில் காத்திருந்துதான் இதை அறிய முடிந்தது. அந்த வாரங்களில் பயனற்ற மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கும்போது, இந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பு புரிகிறது.

தம்பிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. பெடாகுயிலின் என்னும் மருந்து பாலிமரேஸை விட்டுவிட்டு, கிருமி ஆற்றல் தயாரிக்கும் முற்றிலும் வேறான ஒரு நொதியைத் தாக்குகிறது. ஆகவே குழியில் நடந்த மாற்றம் அதைப் பாதிக்காது. மருத்துவர் சொல்லும் காலம் முழுவதும் அவர் மருந்தைத் தொடர உடனிருந்து உதவுங்கள்.

*கேள்வி: இந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்ததா?*
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பாக்டீரியாவின் நொதிக்குக் கிடைக்கவில்லை. ஈஸ்ட்டின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அமைப்பை 2001இல் கண்ட ராஜர் கோர்ன்பெர்க், உட்கரு கொண்ட உயிர்களில் படியெடுத்தலை அணு அளவில் விளக்கியதற்காக 2006இல் வேதியியல் பரிசைத் தனியே பெற்றார். அவருடைய தந்தை ஆர்தர் கோர்ன்பெர்க் 1959இல் மருத்துவப் பரிசு பெற்றவர். டார்ஸ்ட் தம் ஆய்வு வாழ்வின் தொடக்கத்தில் ராஜர் கோர்ன்பெர்க்கின் ஆய்வகத்தில்தான் ஈ. கோலையின் நொதியைப் பற்றிப் பணியாற்றினார். ஈஸ்ட்டின் நொதியும் பாக்டீரியாவின் நொதியும் நடுப்பகுதியில் ஒன்றையொன்று வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றன.

*கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். இந்த அமைப்பை நானே பார்க்க முடியுமா? அதற்குப் பெரிய கணிப்பொறி வேண்டுமா?*
– மாணவி, அறந்தாங்கி

பதில்: அம்மாவின் கைபேசியே போதும். 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கி, உலகில் வெளியான புரத அமைப்புகளையெல்லாம் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வோர் அமைப்புக்கும் நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. அதன் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒன்று, ஐ, ஆறு, வி ஆகிய நான்கையும் இடைவெளியின்றி அடித்தால், 2001இல் கேம்பெல்லும் உடனிருந்தவர்களும் கண்ட அதே அமைப்பு, ரிஃபாம்பிசினோடு சேர்ந்து, முப்பரிமாணத்தில் திறக்கும்.

முதலில் எல்லாம் வண்ண வண்ண நாடாக்களின் குப்பை போலத் தெரியும், சோர்ந்துவிடாதே. விரலால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இரு. ஒரு கோணத்தில் நடுவில் வெளிச்சம் தெரியும். அதுதான் வாய்க்கால், இரு பக்கமும் இருப்பவை கொடுக்கின் விரல்கள். நாடாக்களாக இல்லாமல் குச்சிகளால் ஆன சிறிய கூண்டு போல ஒன்று பீட்டாவின் சுவரில் ஒட்டியிருக்கும், அது மருந்து. அதிலிருந்து சற்றுத் தள்ளி ஆழத்தில் தனியே ஒரு சிறு கோளம் இருக்கும், அது மெக்னீசியம். அளவிடும் வசதியைத் தேர்ந்துகொண்டு, கோளத்தைத் தொடு. பிறகு கூண்டில் அதற்கு மிக அருகில் உள்ள அணுவைத் தொடு. இரண்டுக்கும் நடுவே புள்ளிக்கோடு ஒன்று விழும். அதன் மேல் வரும் எண்ணை எனக்கு எழுதி அனுப்பு. அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.